ஆடாமல் நின்றவள்

நம் வயதுக்காரர்களின் ஃபோனில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலை வணக்கப் பூக்கள், மருந்துச் சீட்டின் படம், பேரப்பிள்ளை குப்புற விழுந்த படம். அந்தப் பிள்ளையின் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பிள்ளை பளிச்சென்று இருக்கும். பின்னால் இருக்கும் சோபா, ஜன்னல், ஜன்னலோரம் துண்டோடு நிற்கும் நீங்கள், எல்லாம் கலங்கிப்போயிருக்கும். அழகாக இருக்கிறது என்று நாமும் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மாத்திரை போடப் போய்விடுகிறோம். எனக்கு மட்டும் அந்தக் கலங்கல் பிடிக்காது. காரணத்தைச் சொல்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாதவள், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஜவ்வாது மலையில், ஒடுகத்தூர் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு சின்ன ஊர். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே வாசலைப் பார்த்தவை. நிலம் ஒன்று, அடுப்பு ஒன்று, பேச்சு பெரியப்பாவுடையது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கருத்து இருந்ததை நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு புளிக்காலத்தைப் பற்றி. மாசியில் மரம் ஏறி உலுக்கத் தொடங்கினால் பங்குனி முடிய வீடெல்லாம் புளிதான். ஓடு உடைக்கிற சத்தத்தில்தான் தூக்கம் கலையும். கை பிசுபிசுக்கும், நகக்கண் எரியும், தொண்டையில் ஒரு புளித்த தூசி எப்போதும் உட்கார்ந்திருக்கும். தலை வாரினால் சீப்பில் நார் வரும். குழந்தைகளான எங்களுக்குக் கொட்டை பொறுக்கும் வேலை.

அந்த ஆண்டு அம்மா சரியாக வேலை செய்யவில்லை. முந்தின மழைக்காலத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு அம்மா ஓடு உடைக்கக் கல்லைத் தூக்குவாள், தூக்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பெரியம்மா, "கல்ல கீழ வெய்ம்மே, கை நோவப் போவுது" என்பாள். அம்மா வைத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை.

அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, ஒரு வாத்தியார் வந்திருந்தார். நல்ல மனிதர். எந்நேரமும் சளி பிடித்த மூக்கு. மச்சானிடம் கேட்டு வாங்கியது என்று ஒரு நாள் ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். கழுத்தில் தொங்கும் சதுரப் பெட்டி. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண். மேல் மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பவர் மாதிரி குனிந்து பார்க்க வேண்டும். அவர் குனிந்தபோதெல்லாம் மூக்கு அதில் ஒழுகிவிடுமோ என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

எங்கள் புளிய மரத்தடியில் படம் பிடிப்பதாக முடிவானது. கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பெரியப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் அப்பா நின்றார். கட்டிலின் கால்மாட்டில் நானும் பெரியப்பாவின் மகனும். பெரியம்மா அடுப்பில் களி இருக்கிறது என்று வர மறுத்துவிட்டாள். அம்மா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களும் வாங்கம்மா, வூட்டுக்காரர் பக்கத்துல நில்லுங்க" என்று வாத்தியார் கூப்பிட்டார்.

அம்மா பின்னால் நகர்ந்தாள். மூத்தார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தம்பி பெண்டாட்டி சரிக்குச் சரியாக வந்து நிற்பது எங்களில் வழக்கமில்லை. வாத்தியார் இன்னொரு முறை கூப்பிட, அவள் இன்னும் நகர்ந்து, கடைசியில் மரத்தின் அடித்தண்டில் முதுகு படுகிற மட்டும் போய்விட்டாள். "சரி, அங்கியே நில்லுங்க. ஆடாம நில்லுங்க" என்றார் வாத்தியார்.

ஆடியது நாங்கள்தான். புளிய மரத்து எறும்பு காலில் ஏறியது. நான் சொறிந்தேன், அவன் என்னைத் தள்ளினான், பெரியப்பா உறுமினார். வாத்தியார் நிமிர்ந்து மரத்தடி இருட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கேமராவில் ஏதோ ஒரு வளையத்தைத் திருகினார். ஒரே ஒரு டிக் சத்தம், வேலை முடிந்தது. இன்னொன்று எடுங்கள் சார் என்று நான் கெஞ்சினேன். ஃபிலிம் போய்விடும் என்றார்.

படம் வந்தபோது அது என் உள்ளங்கையைவிடச் சின்னது. ஆளாளுக்கு வாங்கி வாங்கிப் பார்த்து ஓரமெல்லாம் புளிக்கறை ஆகிவிட்டது. அம்மாவின் முகம் அதில் ஒரு நெல் அளவு. ஆனால் அம்மாதான். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு, அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மூக்கு எங்கம்மா மாதிரிகீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவள் ஒரு பொருளை ஆசையாகப் பார்த்தது அப்போதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை. தன் படம் சுவரில் தொங்க வேண்டும் என்று ஆசை. சந்தைக்குப் புளி கொண்டுபோகும் ஊர்க்கார மாமா ஒருவரிடம் வாத்தியாரின் ஃபிலிமைக் கொடுத்து, ஒடுகத்தூரில் ஒரு படக்கடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரச் சொன்னார். அதற்குள் பள்ளிக்கு விடுமுறை விட்டு வாத்தியார் ஊருக்குப் போய்விட்டார். பிறகு அவர் எங்கள் மலைக்குத் திரும்பவே இல்லை. வேறு ஊருக்கு மாற்றல் என்றார்கள்.

மாமா படத்தைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்து வைத்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தோம். பெரியப்பாவின் மீசையை ஒவ்வொரு மயிராக எண்ணலாம். என் சட்டையில் அறுந்த பொத்தானின் நூல் தெரிந்தது. அம்மாவுக்கு மட்டும் முகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்.

"சின்னதுல மூஞ்சி இருந்துச்சே" என்றார் பெரியப்பா.

மாமா தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நானும் கேட்டேன். பின்னாடி நிக்கிறவங்க ஆடிட்டாங்கன்னு சொன்னான் கடக்காரன்."

ஆடிட்டாங்க. கடைக்காரர் சொன்னது அசைந்துவிட்டார்கள் என்ற பொருளில். படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற சொல்தான் அது. ஆனால் எங்கள் மலையில் ஒரு பெண் ஆடினாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். சாமி வந்து ஆடினால் கும்பிடுவார்கள். சாமி இல்லையென்றால் மற்றது. அதுவும் குழந்தையைப் பறிகொடுத்தவள், புளிய மரத்தில் முதுகு பட நின்றவள், கல்லைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவள். ஒருத்தரும் ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்து அம்மாவின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

அப்பா அப்போது ஒரு காரியம் செய்தார். அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கி, ஒடுகத்தூர் போய், அந்தக் கடைக்காரரிடமே நேரில் கேட்டார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"நெசமாவே ஆடினாளான்னு கேட்டேண்ணா. ஆமாங்க, நல்லாவே ஆடிகீறாங்க, பாத்தாலே தெரியுதேன்றான்."

அவ்வளவுதான். படித்த கடைக்காரரே பார்த்ததும் சொல்லிவிட்டார் என்றாகிவிட்டது.

பூசாரி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். வேப்பிலை, மிளகாய், எலுமிச்சை. அம்மாவை மரத்தடியில் உட்காரவைத்தார்கள். மிளகாய்ப் புகையில் நாங்கள் எல்லாருமே இருமினோம். இருமலுக்கு நடுவில் பூசாரி கேட்டார், "யாரு நீ? எங்கேர்ந்து வந்த?"

"நான் இந்த வூட்டு மருமவ சாமி. நான் ஆடலீங்க."

"ஆடலன்னு சொல்றது யாரு?"

"நான்தாங்க. மூச்சுகூட வுடாம நின்னேங்க."

"பாத்தீங்களா, மூச்சு இல்லன்றா" என்று பூசாரி பெரியப்பா பக்கம் திரும்பினார். சொன்னதெல்லாம் அவளுக்கு எதிராகவே போனது. பிறகு அவர் சின்னப் படத்தைக் கேட்டு வாங்கினார். இவள் முகம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பெரியதில் இல்லை என்றார். கற்பூரத்தோடு சேர்த்து அதைக் கொளுத்தினார். அது சுருண்டு எரிந்தது. ஃபிலிம் படக்கடையிலிருந்து திரும்பி வரவில்லை. அம்மாவின் இளவயது முகம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

பெரிய படத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்கள். பேய் இறங்கும்வரை தாய்வீட்டில் இருக்கட்டும் என்று அம்மாவை அனுப்பினார்கள். அவள் ஊர் மலையின் மறுபக்கம், படவேடு பக்கம் இறங்கும் சரிவில். அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார். போகும்போது என்னிடம், "தலைய தெனம் வாரிக்கோ, பேன் வெக்காத" என்று மட்டும் சொன்னாள். அப்பா படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செரியானதும் வந்துடும்மே" என்றார்.

அந்தக் கோடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பெரியம்மா தன் மகனுக்கு ஊற்றும்போதே எனக்கும் கூழ் ஊற்றினாள். ஆனால் என்னோடு பேச ஒருத்தரும் இல்லை. மற்ற பிள்ளைகள், 'ஆட்டக்காரி மவ' என்று விலகிப்போனார்கள். ஓடைக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை. நான் அங்கே தனியாகப் போய் அசையாமல் நின்று பழகினேன். கண் சிமிட்டாமல், எறும்பு கடித்தாலும் சொறியாமல், வெயில் ஏறி நிழல் காலடிக்கு வரும்வரை நிற்பேன். அசையாமல் நிற்கத் தெரிந்தால் என்னை எங்கும் அனுப்பமாட்டார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

அம்மாவை எப்போது கூப்பிட்டார்கள் தெரியுமா? அடுத்த வருஷம் சாமை நன்றாக விளைந்து, அறுக்க ஆள் போதாமல் போனபோது. அப்பாவே போய்க் கூட்டிவந்தார். பேய் இறங்கிவிட்டது என்று பூசாரியும் சொல்லிவிட்டார். வந்தவள் அறுத்தாள், அடித்தாள், புடைத்தாள். கல்லைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்காரவே இல்லை. பிறகு எனக்கு ஒரு தம்பி பிறந்து தங்கினான். ஆனால் அம்மா யார் எதிரிலும் சத்தமாகச் சிரித்ததில்லை. திருவிழாவில் பம்பை அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவாள். என் கல்யாணப் படத்தில்கூட அவள் இல்லை.

நான் கீழே வந்து விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸாகி, திருப்பத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பேய் பிடித்தது என்று எத்தனையோ பெண்களைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன், வெளுத்திருக்கும். சோகை, தூக்கமின்மை, பிள்ளை போன துக்கம். ஆகவே அம்மாவைப் பேய் பிடிக்கவில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவள் அசைந்தாள் என்பதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். எதையோ நினைத்துத் தலையைத் திருப்பியிருப்பாள் பாவம், அது இவ்வளவு தூரம் போய்விட்டது என்று.

வீட்டுக்காரர் போன பிறகு, மகள் ஓசூரிலும் மகன் வெளிநாட்டிலும் இருக்க, சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கேமரா வாங்கினேன். ஃபோன் இல்லை, நீட்டிய லென்ஸ் வைத்த டிஜிட்டல் கேமரா. மொட்டை மாடியில் மைனாக்களை எடுத்துக்கொண்டு கிடந்தேன். போன வருஷம் பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகளின் வளைகாப்புக்கு என்னையே படம் எடுக்கச் சொன்னாள். கூடம் இருட்டு. லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தேன். பெண் முன்னால் உட்கார்ந்திருக்க, தாய் நாலடி பின்னால் நின்றாள். கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டோம். பெண்ணின் கண்ணில் மை பிசிறியதுகூடத் தெரிந்தது. தாயின் முகம் கலைந்துபோயிருந்தது.

"அய்யோ, நான் ஆடிட்டேன் போலக்கீதுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன். அவள் ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கல் மாதிரி நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டரும் அதே மாதிரி கலைந்திருந்தது. சுவர் ஆடுமா?

அவளை அனுப்பிவிட்டு, பெரியப்பா காலமான பிறகு என்னிடம் வந்து சேர்ந்திருந்த அந்தப் பெரிய படத்தைப் பீரோவிலிருந்து எடுத்தேன். அம்மாவின் முகத்தை விட்டுவிட்டு முதல் முறையாக மரத்தைப் பார்த்தேன். அடித்தண்டின் பட்டை முழுக்கக் கலங்கியிருந்தது. தாழ்ந்த கிளையின் இலைகள் கலங்கியிருந்தன. அம்மா ஆடியிருந்தால் அவள் முகம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும், குங்குமத்தைத் துடைத்த தடம் மாதிரி. இது எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஊறியிருந்தது. வீட்டில் இத்தனை பேர் பார்த்தோம், கடைக்காரர் பார்த்தார், பூசாரி பார்த்தார். ஒருத்தரும் மரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், பெரிய வித்தை இல்லை. லென்ஸுக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அகலத் திறந்தால் வெளிச்சம் நிறைய வரும், கண் சிமிட்டும் நேரத்துக்குள் படம் முடிந்துவிடும். ஆனால் தெளிவாகத் தெரிகிற இடம் ஒரு மெல்லிய அடுக்குதான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கலங்கும். ஓட்டையைச் சுருக்கினால் அந்த அடுக்கு ஆழமாகும், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்தே தெளிவாக வருவார்கள். ஆனால் வெளிச்சம் குறைவதால் எல்லாரும் அதிக நேரம் அசையாமல் நிற்க வேண்டும். இந்த ஆழத்துக்கு டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று பேர். வாத்தியார் அன்று மரத்தடி இருட்டையும் எறும்புக்கு நெளிந்த எங்களையும் பார்த்துத்தான் வளையத்தை அகலத் திருகியிருக்கிறார். எங்கள் ஆட்டத்துக்காகச் செய்த காரியம், ஆடாமல் நின்றவளின் முகத்தைக் கொண்டுபோய்விட்டது. கலங்கல் சின்னப் படத்திலேயே இருந்திருக்கிறது. நெல் அளவு முகத்தில் அது கண்ணுக்குப் பிடிபடவில்லை, பெரிதாக்கியதும் அதுவும் பெரிதாகிவிட்டது.

இன்றைக்கென்றால் வாத்தியார் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும்படி கேமராவை மாற்றி, ஓட்டையைச் சுருக்கி, இன்னொன்று எடுத்திருப்பார். செலவில்லை. ஃபோன் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. அதன் லென்ஸும் உள்ளே படம் விழுகிற தகடும் அவ்வளவு சின்னவை, முன்னும் பின்னும் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழுந்துவிடும். பிறகுதான் அது யார் முக்கியம் என்று தானே ஊகித்து, மற்றவர்களைக் கலக்கி அழகு காட்டுகிறது. எங்கள் பெரியப்பாவை உள்ளே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வித்தியாசம், சில ஃபோன்களில் பின்னால் இருப்பவரைத் தொட்டால் அவர் மறுபடி தெளிவாகிவிடுகிறார். ஃபிலிமில் அது நடக்காது. அதில் கலங்கி விழுந்தது கலங்கியதுதான். மகள் ஏதோ ஒரு செயலியில் போட்டு அம்மாவின் முகத்தைத் தெளிவாக்கி அனுப்பினாள். வில் மாதிரி புருவம், சீரான பல். யாரோ ஒரு பெண். அதை அழித்துவிட்டேன்.

அம்மா இருக்கிறாள். எண்பதைத் தாண்டி, மலையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கண் அறுவை செய்த பிறகு பார்வை நன்றாக இருக்கிறது. மரமும் கலங்கியிருப்பதைக் கண்டுபிடித்த வாரத்திலேயே பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. இவ்வளவு சந்தோஷமாக நான் மலையேறி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் போகிறேன் என்று நினைப்பு.

அம்மா வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பெரிய படத்தை ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். "அம்மா, நீ அன்னிக்கு ஆடலம்மா."

"என்னிக்கு?"

"வாத்தியார் போட்டோ புடிச்சாரே, அன்னிக்கு. இந்த மரத்தப் பாரு. அதுவும் கலங்கித்தான் கெடக்குது. மரம் ஆடுமா? கேமரா கண்ணாடிய அவர் தொறந்து வெச்ச வெதம். பின்னாடி யார் நின்னிருந்தாலும் இப்டித்தான் வுழுந்திருக்கும்."

ஃபோனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். பட்டை, இலை, அவள் முகம்.

"அப்ப நான் ஆடல."

"ஆடல."

"எம்மேல ஒண்ணும் ஏறல."

"ஒண்ணும் ஏறல. நீ சொன்னதுதான் நெசம்."

அவள் அழுவாள், அல்லது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருக்கும் சரிவைப் பார்த்தாள்.

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாள். "மொதல்ல இல்ல இல்லன்னுதான் சொன்னேன். எங்கம்மா வூட்ல தனியா கெடந்தப்போ, இல்லாமியா இத்தினி பேரு சொல்வாங்கன்னு தோணிப்போச்சு. என்னிய வூட்ட வுட்டு அனுப்புனது அந்தப் பேயிதான்னு நெனச்சிக்கினேன். அதால உங்கப்பன் மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. மூத்தார் மேலயும் வந்ததில்ல. அவுங்க இன்னா பண்ணுவாங்க பாவம்னு இருந்தேன்."

அவள் மடியில் ஃபோன் திரை அணைந்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பேயே இல்லன்னா, என்னிய எதுக்குடி அனுப்புனாங்க?"

எத்தனையோ வீட்டாரிடம் வார்டு வாசலில் நின்று சொல்லக் கூடாத சேதியையெல்லாம் சொன்னவள் நான். பதில் எனக்குத் தெரியும், கல்லைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்தபோது அனுப்பினார்கள், சாமை அறுக்கக் கை வேண்டியபோது கூப்பிட்டார்கள், அதிலேயே இருக்கிறது. ஃபோனை அவள் மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தேன். அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.